ஊரணிக்குப் போகாத முளைப்பாரி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீங்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். "மேடம், அதுங்க வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" கேட்டுவிட்டு மண் குவியலைப் பார்க்கிறீர்கள். அது பாட்டுக்குக் கிடக்கிறது. ஆலைக் கழிவைத் தின்று மண்ணைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா என்று சொல்லித்தான் உங்களை எடுத்தார்கள். வந்து பார்த்தால் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு மண்மேடு. ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் போய்த் தார்ப்பாயை விலக்கி, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டுதான், பாதுகாப்பு அதிகாரி என்னை முறைக்க வேண்டாம். உள்ளே கதகதப்பாக இருக்கும். பால் குடித்துவிட்டுத் தூங்கும் கன்றுக்குட்டியின் வயிற்றைத் தொட்ட மாதிரி. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சூடு அது. ஓய்வு பெற்ற பிறகும் சில நாள் விடியலில் விழிப்பு வந்தால் என் கைக்கு அந்தச் சூடு ஞாபகம் வருகிறது. போர்வைக்குள் நான் துழாவுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன, மண்ணுக்குள்ள கைய விட்டுட்டியா?" என்பார்.

அந்தச் சூடு ஒரு விஷயத்தைத்தான் சொல்லும். பந்தி நடக்கிறது என்று சொல்லும். பந்தி முடிந்துவிட்டதா, இலையை வழித்துச் சாப்பிட்டார்களா, பாதியில் எழுந்துவிட்டார்களா என்று சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் இன்று இந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லப்போவது அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

அந்த ஊர் குன்றாண்டார்கோவில் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஊருக்கு மேற்கே சற்று மேட்டில், வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலை வாங்கிக் காய்ச்சி மறுபடி விற்கும் ஒரு சின்ன ஆலை இருந்தது. காய்ச்சியது போக மிஞ்சிய கறுப்புக் கசடை ஒரு குழியில் கொட்டி வைத்திருந்தார்கள். ஆலையை மூடிவிட்டுப் போனவர்கள் குழியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு ஐப்பசி மழையில் குழியின் கரை உடைந்து, கசடு பள்ளத்து வயலில் இறங்கியது. வயல் வள்ளிக்கண்ணுவுடையது. அதற்கும் கீழே ஊரணி.

அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்கவும் சோறாக்கவும் இன்றைக்கும் ஊரணித் தண்ணீர்தான். செருப்பைக் கரையில் விட்டுவிட்டுத்தான் படியில் இறங்குவார்கள். மழைத் தண்ணீர் ஊரணிக்கு வந்து சேரும் வழியோ வள்ளிக்கண்ணுவின் வயல். அந்த முறை ஊரே திரண்டு, கொட்டும் மழையில் மண்மூட்டை அடுக்கித் தடுத்ததால் ஊரணி தப்பியது. வயல் தப்பவில்லை.

நாங்கள் போய், எண்ணெய் குடித்த மேல்மண் முழுவதையும் வழித்தெடுத்து, மூடிக்கிடந்த ஆலையின் முற்றத்தில் நீள நீளமாகக் குவித்தோம். குழியின் ஓரத்தில், அந்தக் கசடிலேயே பிழைக்கப் பழகியிருந்த பாக்டீரியாக்களை எடுத்துப் பெருக்கி, குவியல்களில் விட்டோம். யூரியா, சாணிக் கரைசல், தண்ணீர், காற்றுக்காக ஜேசிபி வைத்துப் புரட்டல். மற்ற வேலையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. "அந்தப் பூச்சிய ஒரு பாட்டில்ல போட்டுக் காட்டுங்களேன்" என்று வருவார்கள். கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னால், "சம்பளம் மட்டும் கண்ணுக்குத் தெரியுமாக்கும்" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

வள்ளிக்கண்ணு அப்படிக் கேட்டதில்லை. நாற்பது வயது இருக்கும். கணவர் குவைத்தில் வேலை செய்தார். எண்ணெய் நாட்டில் புருஷன், எண்ணெய் மண்ணோடு பெண்டாட்டி என்று ஊரில் கேலி. அவள் தினமும் காலையில் ஆடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டு முற்றத்துக்கு வருவாள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் மாதிரி வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வருவாள். "இன்னைக்கு எப்படி இருக்கு மேடம்?" என்பாள். "தேவலை" என்பேன். பிறகு குவியலுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். மார்கழியில் தார்ப்பாயை விலக்கினால் குவியலிலிருந்து ஆவி எழும்பும். பனியும் ஆவியும் கலந்து முற்றமே தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். அவள் செல்போனைத் திருப்பி, வீடியோவில் கணவருக்கு அதைக் காட்டுவாள். "பாருங்க, நம்ம மண்ணு மூச்சு விடுது" என்பாள். அந்தப் பக்கத்தில் அவர் என்ன சொல்வாரோ, எனக்குக் கேட்டதில்லை.

அந்த வேளைகளில் நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். உலகத்தில் நடக்கிற முக்கியமான வேலைகளெல்லாம் இப்படிச் சத்தமில்லாமல்தான் நடக்கின்றனவோ என்று எனக்குத் தோன்றும். இதை அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை. இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, சொல்லலாம்.

இரண்டு விதைப்பு அவளுக்குப் போயிற்று. அடுத்த ஆவணியில் மண் நன்றாகத் தெளிந்துவிட்டது. டீசல் வாடை போய், புது மழை விழுந்த வாசனை வந்தது. லேப் ரிப்போர்ட்டும் எண்ணெய் அளவு வரம்புக்குள் வந்துவிட்டதாகச் சொன்னது. திருச்சியிலிருந்த எங்கள் மேலாளருக்கு ஒரே சந்தோஷம். முடிவுச் சான்றில் நான் கையெழுத்துப் போட்டால் மண்ணை வயலுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். புரட்டாசி மழைக்கு அவள் விதைத்துவிடலாம்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு நாள் குவியலில் கிடந்த தேங்காய் அளவுக் கட்டி ஒன்றைச் சும்மா உடைத்தேன். வெளியே புது மழை வாசனை. உள்ளே அதே பழைய ஒர்க்‌ஷாப் வாடை. இன்னொன்றை உடைத்தேன். அதிலும் லேசாக இருந்தது. அங்கத்து மண்ணில் களி கொஞ்சம் அதிகம். கட்டிக்குள் காற்றுப் போகாது. காற்றுப் போகாத இடத்தில் நம் விருந்தாளிகள் உட்கார மாட்டார்கள். மாதிரி எடுத்தவர்கள், வழக்கப்படி, உதிரி மண்ணில் எடுத்திருந்தார்கள். எத்தனை கட்டி இப்படி இருக்கும், அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். மேலாளரிடம் சொல்லி, கட்டிகளை உடைத்து மறுபடி மாதிரி அனுப்பினேன். முடிவு வர நாளாகும். வானம் அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது.

ஊரில் அப்போது மாரியம்மனுக்கு முளைப்பாரி போட்டிருந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு சட்டியில் மண்ணும் எருவும் போட்டுப் பயறு தூவி, வெளிச்சம் படாத ஒரு வீட்டில் எல்லாச் சட்டிகளையும் வைத்து வளர்ப்பார்கள். பொழுது சாய்ந்தால் கும்மிப் பாட்டுச் சத்தம் எங்கள் முற்றம் வரை வரும். நான் ஆவூர்ப் பக்கத்து வேதக்கார வீட்டுப் பெண். எங்களுக்குத் திருவிழா என்றால் சர்ச்சில் மாதா தேர்தான். ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டபடி குவியல்களைப் பார்த்துக்கொண்டு நின்றால், இருட்டுக்குள் முளைக்கிற பயறும் இருட்டுக்குள் தின்கிற பாக்டீரியாவும் ஒரே பாட்டுக்கு ஆடுகிற மாதிரி இருக்கும்.

முளைப்பாரி எடுக்கிற நாள் காலையில் வள்ளிக்கண்ணு ஓடிவந்தாள். கூடவே கோயில் காரியம் பார்க்கும் பெரியவரும் வந்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"மேடம், என் முளைப்பாரிதான் ஊருலயே ஒசரம்! இங்கிட்டு இருந்துதான் ஒரு சட்டி மண்ணு எடுத்துக்கிட்டுப் போனேன். யாருக்கும் சொல்லலை. ஒரு முளை தவறலை, அம்புட்டும் வந்துருக்கு!"

பெரியவர் சிரித்தார். "மேடம், நீங்க படிச்சவுக. ஆனா ஆத்தாளே சொல்லிட்டா, மண்ணு சுத்தமாயிருச்சுன்னு. இனி யாருகிட்டக் கேக்கணும்? கையெழுத்தப் போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலையில டிராக்டர் வந்துரும்."

அதே நேரத்தில் மேலாளரின் போன். ஊர்க்காரர்கள் அவரிடமும் பேசியிருந்தார்கள். "ரிப்போர்ட் சரியா இருக்கு, நிலத்துக்காரங்களே கேக்குறாங்க, ஊரே கேக்குது. உங்களுக்கு மட்டும் என்ன? நாளைக்கு வேற ஆள அனுப்புறேன், அவர் போட்டுக் குடுப்பார்" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

அப்போது என் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எதிரே ஒரு ரிப்போர்ட், ஒரு ஊர், ஒரு தெய்வம். என் பக்கம் உடைந்த இரண்டு மண்கட்டி. வேதக்காரி நம் அம்மன் சொன்னதை மறுக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. யாராவது நினைத்துவிடுவார்களோ என்று நானேதான் பயந்தேன். ஆமாம், பயம்தான். ஆனால் அந்த வயல் வழியாகத்தான் தண்ணீர் ஊரணிக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

"வள்ளிக்கண்ணு, முளை வந்தது விதையோட பலத்துல" என்றேன். "பயறுக்கு முதல் சாப்பாடு அதுக்குள்ளயே இருக்கும். இருட்டுல வளர்ற வரைக்கும் மண்ண அது அதிகம் நம்புறதே இல்ல. அதுக்கு மேல நாங்க போட்ட யூரியா வேற, சாணி வேற. ஒசரமா வராம என்ன செய்யும்?"

அவள் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. அதை என் கையாலேயே அணைத்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் மறுபடி அதே காலை வந்தாலும் அதையேதான் சொல்வேன்.

"அப்ப அம்மன் பொய் சொல்லுறாளா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"மூணாவது வெதப்பும் போகணுங்கறீங்க. அவுக இந்த வருசம் வந்துரலாம்னு இருக்காக. நான் என்னன்னு சொல்றது? இது என் மண்ணு மேடம். ஒங்க மண்ணு இல்ல."

அவள் மண்தான். குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இதுவும் ஒங்க மண்ணுதான். வீட்டுல போய் ஒடச்சுப் பாருங்க" என்றேன். அவள் அங்கே உடைக்கவில்லை. என்னைப் பார்க்காமல் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார்.

அன்று மதியம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. சாயங்காலம் நான் ஊரணிக் கரைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மழைக்குப் பிந்தைய மஞ்சள் வெளிச்சம் ஊர் முழுவதும் ஊறிக்கிடந்தது. கொட்டுச் சத்தம் முதலில் வந்தது, பிறகு குலவை, பிறகு முளைப்பாரிகள். வெளிச்சம் காணாமல் வளர்ந்த அந்த வெளிர் மஞ்சள் முளைகள் பெண்களின் தலைக்கு மேல் மெல்ல மெல்ல அசைந்து வந்தன. அவர்கள் நடந்து வருவதாகவே தெரியவில்லை. ஒரு வயல் எழுந்து தெருவில் மிதந்து வருகிற மாதிரி இருந்தது. அதில் எல்லாவற்றையும்விட உயரம் வள்ளிக்கண்ணுவுடையது. அத்தனை அழகை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. என் சந்தேகம் பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாதாவிடமா, மாரியம்மனிடமா என்று ஞாபகமில்லை.

முளைப்பாரியைக் கொண்டுபோய் ஊரணியில் கரைத்துவிடுவார்கள். அதுதான் முறை. ஒவ்வொருத்தியாகப் படியில் இறங்கினார்கள். வள்ளிக்கண்ணுவின் முறை வந்தது. அவள் இறங்கவில்லை. மேல்படியிலேயே நின்றாள். பின்னால் நின்றவர்கள் "போத்தா, எறங்கு" என்றார்கள். குலவை ஒரு தடவை எழும்பி, தயங்கி, நின்றது.

அவள் திரும்பினாள். தலையில் சட்டியோடு, ஊரணிக் கரையை விட்டு, தன் வயலை நோக்கி நடந்தாள். மேல்மண்ணை நாங்கள் வழித்தெடுத்த அந்தச் செம்பள்ளத்தில் மதியம் பெய்த தண்ணீர் தெளிந்து நின்றது. நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன். பெரியவரும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். அவள் தண்ணீரில் இறங்கி, சட்டியை இறக்கி, முளைகளை வேரோடு எடுத்து, வேர் பிடித்திருந்த கட்டியைத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்தாள்.

முதலில் செம்மண் கலங்கல். பிறகு அவள் விரல்களைச் சுற்றி மெல்லியதாக ஒரு நிறம். நீலமும் பச்சையும் ஊதாவுமாக அந்தப் படலம் விரிந்து, விரிந்து, மிதந்த முளைகளுக்கு நடுவே புகுந்து பள்ளத்தின் பாதி வரை போயிற்று. மேற்கு வெளிச்சம் பட்டு மின்னியது.

"மயில் கழுத்து மாதிரி இருக்குல்ல" என்றாள் வள்ளிக்கண்ணு. பிறகு, "வீட்டுல ஒடச்சுப் பாத்தேன். வாடை வந்துச்சு. ஆனாலும் மனசு கேக்கலை" என்றாள்.

பெரியவர் மெதுவாக, "அப்ப ஆத்தா..." என்று இழுத்தார்.

"மொளைக்கும்னுதானே மாமா அவ சொன்னா? குடிக்கலாம்னு எங்க சொன்னா?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மறுநாள் மேலாளர் அனுப்பிய ஆள் வந்தார். டிராக்டரும் வந்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வள்ளிக்கண்ணு முற்றத்து வாசலில் நின்றுகொண்டு, "இது என் மண்ணு. இப்ப எனக்கு வேணாம். நல்லா ஆனதுக்கு அப்பறம் குடுங்க" என்றாள். வந்தவர் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். சில நாள் கழித்து மறு ரிப்போர்ட்டும் வந்தது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னது நான். அதனால் நான் ஒரு நாள் பயந்தேன், மேலாளரின் முகம் கொஞ்ச நாள் கோணியது, வேறென்ன? மூன்றாவது விதைப்பை இழந்தது அவள். குவைத்தில் இன்னொரு வருடம் இருந்தது அவள் கணவர். நம் வேலையில் பெரும்பாலும் அப்படித்தான். தப்பு என்று கண்டுபிடிப்பது நாம், பொறுத்துக்கொள்வது இன்னொருவர். ஆகவே வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள். சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விடவும் செய்யாதீர்கள். அந்த மழைக்காலம் முழுவதும் நான் வாரத்தில் பாதி நாள் அந்த முற்றத்தில்தான் கிடந்தேன்.

கட்டிகளை உடைத்துச் சலித்தோம். காற்றோட்டத்துக்குக் கடலைத் தோலைக் கலந்தோம். மறுபடி சாப்பாடு, மறுபடி தண்ணீர். தார்ப்பாய் மேல் மழை கொட்டும். அடியில் அதுகள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். வள்ளிக்கண்ணு வருவது நிற்கவில்லை. எப்போதிலிருந்து மேடத்தை விட்டுவிட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

அடுத்த ஆவணியும் வந்தது. இந்தத் தடவை கட்டி உடைத்து எடுத்த மாதிரியிலேயே ரிப்போர்ட் நன்றாக இருந்தது. நானும் உடைத்து உடைத்துப் பார்த்தேன். மண் வாசனை தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் கையெழுத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருமுறை சரியாகச் சந்தேகப்பட்டவர்களுக்கு அது ஒரு நோயாகவே ஒட்டிக்கொள்ளும். அதுவும் உங்களுக்கு வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளிக்கண்ணு மறுபடி எங்கள் குவியல் மண்ணில் முளைப்பாரி போட்டாள். போன வருடம் போட்ட யூரியாவை எல்லாம் பாக்டீரியாக்கள் தின்று தீர்த்திருந்தன. முளை சுமாராகத்தான் வந்தது. ஊர்வலத்தில் அவளுடையதுதான் குட்டை. "என்னடி, ஒஞ்சட்டி பூனக்குட்டி மாதிரி இருக்கு" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

முதலில் வயல் பள்ளத்துக்குப் போய், சட்டியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீரில் பிசைந்து பார்த்தாள். கலங்கல் மட்டும்தான். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊரணிக்கு வந்து, படியில் இறங்கி, சட்டியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கரைத்தாள். முளைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மிதந்தன. குலவை நிற்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் இரண்டு கையையும் குவித்து, அங்கேயே, அந்தக் கலங்கலிலேயே அள்ளி ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைத் தேடினாள்.

கரையில் நின்றிருந்தேன். ரிப்போர்ட் என் பையில் இருந்தது. எல்லாம் தெரிந்தவள் நான்தான். ஒரு நொடி தயங்கியவளும் நான்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அவள் பக்கத்தில் குனிந்து அள்ளிக் குடித்தேன்.

"எப்படி இருக்குக்கா?"

"மண்ணு ருசி."

"என் மண்ணு" என்றாள்.